சைக்காலஜியா, நியூரோசயின்ஸா, ரெண்டும் சேர்த்தா? பிரிட்டனில் இளங்கலை: விவாத இழை

கேள்வி, 12 செப்டம்பர் 2025

பிளஸ் டூ சிபிஎஸ்இ, பயாலஜி குரூப், மேத்ஸ் இல்லை. 2026 செப்டம்பரில் பிரிட்டன் போகலாம்னு இருக்கேன். 'சைக்காலஜி', 'சைக்காலஜி வித் நியூரோசயின்ஸ்', 'நியூரோசயின்ஸ் அண்ட் சைக்காலஜி', 'நியூரோசயின்ஸ்' இந்த நாலும் ஏறக்குறைய ஒண்ணுதான், ராங்கிங்கில் மேலே இருக்கிற யுனிவர்சிட்டியை எடுத்துக்கோன்னு ஏஜென்ட் சொல்றார். கடைசியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும். அவர் சொல்றது சரியா?

12 செப்டம்பர், இரவு

சரி இல்லை. நாலும் நாலு வேற டிகிரி.

கிளினிக்கல் பக்கம் போகணும்னா ராங்கிங்குக்கு முன்னாடி அங்கீகாரத்தைப் பாருங்க. பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி, சுருக்கமா பிபிஎஸ், அங்கீகரிச்ச டிகிரியைக் குறைஞ்சது 2:2 வகுப்பில் (50 மதிப்பெண்ணுக்குக் குறையாம) முடிச்சா ஜிபிசி என்கிற தகுதி கிடைக்கும். கிளினிக்கல், எஜுகேஷனல், ஃபாரன்சிக்னு எந்தப் பயிற்சிக்கு அங்கே விண்ணப்பிச்சாலும் முதல்ல கேட்கிறது அதைத்தான்.

பிபிஎஸ் அங்கீகரிக்கணும்னா பாடத்திட்டத்தில் சில பகுதிகள் இருந்தே ஆகணும்: உயிரியல் சைக்காலஜி, அறிதல், வளர்ச்சி, சமூகம், தனிநபர் வேறுபாடுகள், ஆய்வுமுறை, அதோட துறையின் வரலாறும் கருத்தியலும். கடைசி வருஷம் நீங்களே தரவு வச்சு செய்யும் ஆய்வுத் திட்டத்திலும் பாஸ் பண்ணணும். தனி நியூரோசயின்ஸ் டிகிரியில் சமூகமும் வளர்ச்சியும் இருக்காது. அதுக்குப் பதிலா அயான் சேனல், மாலிக்யூலர் பயாலஜி, மருந்தியல். நல்ல படிப்புதான், ஆனா ஜிபிசி வராது.

'வித்', 'அண்ட்' போட்ட டிகிரிகள்தான் குழப்பம். சிலதுக்கு அங்கீகாரம் உண்டு (நாட்டிங்ஹாமின் 'சைக்காலஜி அண்ட் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ்' மாதிரி), சிலதுக்கு இல்லை. இன்னும் சிலதில், குறிப்பிட்ட விருப்பப் பாடங்களை எடுத்து, ஆய்வுத் திட்டத்தையும் சைக்காலஜி பக்கம் செஞ்சா மட்டும் உண்டு. அந்த நிபந்தனை பாடப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கீகாரம் டிகிரிக்குத்தான், யுனிவர்சிட்டிக்கு இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரு டிகிரிக்கு இருந்து பக்கத்து டிகிரிக்கு இல்லாம போகலாம். பிபிஎஸ் தளத்தில் தேடும்போது டிகிரியின் முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க.

13 செப்டம்பர்

நேத்து எழுதினதைப் படிச்சா நியூரோசயின்ஸ் எடுத்தவங்களுக்குக் கதவே அடைஞ்சுடும்ங்கிற மாதிரி இருக்கு. அப்படி இல்லை. கன்வர்ஷன் எம்எஸ்சின்னு ஒரு வருஷப் படிப்பு இருக்கு, வேற இளங்கலை முடிச்சவங்களுக்கு ஜிபிசி தர்றதுக்குன்னே. ஆனா வெளிநாட்டு மாணவருக்கு அது இன்னொரு வருஷ ஃபீஸ், இன்னொரு விசா. 18 வயசில் சின்ன எழுத்தைப் படிச்சா மிச்சம் பிடிக்கலாம்.

13 செப்டம்பர், மறுபடி

"ஸ்காட்லாந்தில் நாலு வருஷமாமே, ஒரு வருஷம் வேஸ்ட்டா?" என்று ஒருத்தர் கேட்டிருக்கார். எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ எல்லாம் நாலு வருஷ ஆனர்ஸ். முதல் ரெண்டு வருஷம் வேற துறைப் பாடமும் எடுக்கலாம். சைக்காலஜியா நியூரோசயின்ஸான்னு முடிவு பண்ண முடியாதவங்களுக்கு அந்த ஒரு வருஷம் வேஸ்ட் இல்லை. பணம் எண்ணி எண்ணிப் போறவங்களுக்கு வேஸ்ட்டுதான்.

20 செப்டம்பர்

மேத்ஸ் இல்லாதது பற்றி. பத்தாவது கணக்கு மதிப்பெண்ணைத்தான் பெரும்பாலும் கேட்பாங்க. பயாலஜி குரூப்பில் கெமிஸ்ட்ரி இருக்கிறதால் நியூரோசயின்ஸ் நிபந்தனைக்கும் சரியா வரும். (ஸ்டேட் போர்டுக்கும் சிபிஎஸ்இக்கும் தனித்தனி சதவீதம் கேட்கிற இடங்கள் உண்டு. உங்க போர்டு வரிசையைப் பாருங்க.)

ஆனா ஒரு விஷயத்தை இப்பவே மனசில் போட்டுக்கோங்க. அங்கே சைக்காலஜின்னா பாதி புள்ளியியல். "எனக்கு மனுஷங்களைப் புரிஞ்சுக்கப் பிடிக்கும்"னு வர்றவங்க முதல் செமஸ்டரில் திகைச்சுப் போறது இங்கேதான். கால்குலஸ் வராது. சராசரி, மாறுபாடு, டி சோதனை (ரெண்டு சராசரியை ஒப்பிடறது), கை-ஸ்கொயர் சோதனை, ஒட்டுறவு முதல் வருஷம். அனோவா (பல குழுக்களின் சராசரியை ஒப்பிடறது), பல்மாறி ரிக்ரஷன் ரெண்டாம் வருஷம். மூணாம் வருஷம் அத்தனையும் உங்க சொந்தத் தரவில்.

கணக்கு போடுறது மென்பொருள்தான். எது போடணும், வந்ததுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது நீங்க. முன்னாடி எஸ்பிஎஸ்எஸ்தான் எங்கேயும். இப்ப பல துறைகள் ஆர் மொழிக்கு மாறிடுச்சு. ஜாஸ்ப் இலவசம், பார்க்க எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே இருக்கும். போறதுக்கு முன்னாடி நேரம் இருந்தா ஆர், ஆர்ஸ்டூடியோ ரெண்டையும் இறக்கி ஒரு எக்செல் பட்டியலை உள்ளே ஏத்தப் பழகுங்க. அது மட்டும் போதும்.

21 செப்டம்பர்

ஆர் பத்தி எழுதினதும் மூணு பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துட்டாங்க. முதல் வருஷப் பசங்க மாட்டிக்கிற இடங்களைச் சொல்றேன்.

குழுவை 1, 2, 3 என்று எண்ணால் குறிச்சிருந்தா ஆர் அதை வகைன்னு எடுத்துக்காது, அளவுன்னு எடுத்துக்கும். மூணு குழுவை ஒப்பிடறதுக்குப் பதிலா, குழு எண் ஒண்ணு கூடினா மதிப்பெண் எவ்வளவு கூடுதுன்னு ஒரு நேர்கோடு போட்டுத் தந்துடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அனோவா அட்டவணையில் மூணு குழுவுக்கு சுதந்திர அளவு (டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம்) 2 இருக்கணும், 1 என்று இருந்தா இதுதான் காரணம். முதல்ல ஃபேக்டரா, அதாவது வகையா மாத்துங்க.

அடுத்து, ஒரே தரவை எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் ஆரிலும் போட்டா டி சோதனை விடை கொஞ்சம் மாறும். ஆர் கேட்காமலே வெல்ச் முறையை (ரெண்டு குழுவின் மாறுபாடும் சமம்னு வச்சுக்காத முறை) போடும், அதனால் சுதந்திர அளவு 38க்குப் பதிலா 36.7 மாதிரி தசமத்தில் வரும். எஸ்பிஎஸ்எஸ் ரெண்டு வரியும் காட்டிட்டுத் தேர்வை உங்ககிட்ட விட்டுடும். ரெண்டுமே தப்பில்லை, எதைப் போட்டோம்னு எழுதணும், அவ்வளவுதான்.

மூணாவது: ரெண்டு காரணி அனோவா, குழுக்களில் ஆள் எண்ணிக்கை சமமா இல்லை. எஸ்பிஎஸ்எஸ் வகை மூணு (டைப் III) வர்க்கக் கூட்டுத்தொகை போடும். ஆரின் சாதாரணக் கட்டளை வகை ஒண்ணு போடும், அதாவது காரணிகளை எழுதின வரிசையை மாத்தினா விடையே மாறும், பி மதிப்பும் (விளைவே இல்லாட்டியும் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்புங்கிற எண்) மாறும். "நான் ஒண்ணும் மாத்தலையே, பி மதிப்பு மட்டும் ஏன் மாறுது"ன்னு ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்கிற கேள்விக்கு நூத்துக்கு தொண்ணூறு தடவை பதில் இதுதான். 'கார்' என்ற பொதியை ஏத்தி, கான்ட்ராஸ்ட்டை (குழுக்களை ஆர் உள்ளே எண்ணா மாத்துற முறை) 'சம்' வகைக்கு மாத்திட்டு வகை மூணு கேளுங்க. கான்ட்ராஸ்ட் மாத்தாம வகை மூணு கேட்டா வர்ற விடையும் குப்பைதான்.

அப்புறம் எஸ்பிஎஸ்எஸ் பி மதிப்பை "0.000"னு காட்டினா அதை அப்படியே எழுதாதீங்க. பூஜ்யம் இல்லை அது, 0.001ஐ விடச் சிறியது, அப்படித்தான் எழுதணும்.

28 செப்டம்பர்

"நியூரோசயின்ஸ் பக்கம் என்ன கணக்கு?" நெர்ன்ஸ்ட் சமன்பாடு: நரம்பணுச் சவ்வின் உள்ளேயும் வெளியேயும் ஒரு அயனியின் செறிவு வேறயா இருந்தா, எத்தனை மில்லிவோல்ட்டில் அது சமநிலைக்கு வரும்னு சொல்றது. உடம்புச் சூட்டில், 61.5 பெருக்கல் லாக் (வெளியே உள்ள செறிவு ÷ உள்ளே உள்ள செறிவு). பொட்டாசியம் வெளியே 5, உள்ளே 140 மில்லிமோலார்னு வச்சா மைனஸ் 89 மில்லிவோல்ட். சோடியம் வெளியே 145, உள்ளே 15னு வச்சா பிளஸ் 61. ஓய்வில் இருக்கிற நரம்பணு மைனஸ் 70 பக்கத்தில் நிற்கிறது ஏன், அது ஏன் பொட்டாசியத்துக்கு நெருங்கி நிற்குதுன்னு கேட்பாங்க. அந்த நேரத்தில் சவ்வு பொட்டாசியத்தைத்தான் அதிகம் விடுது, சோடியம் கொஞ்சம் கசியுது. பிளஸ் ஒன்னில் பிஹெச் போட்ட அதே லாக்தான். எல்லாரும் தப்பு விடுறது குளோரைடில், அதுக்கு மின்சுமை மைனஸ், பின்னத்தைத் தலைகீழாப் போடணும்.

5 அக்டோபர்

யூகாஸ் (பிரிட்டன் இளங்கலைக்கு விண்ணப்பிக்கிற பொதுத் தளம்) பத்தி. மொத்தம் அஞ்சு படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2026 சேர்க்கைக்கு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போடுறவங்களுக்கு அக்டோபர் 15 கடைசி, மத்தவங்களுக்கு ஜனவரி 14. ஆக்ஸ்ஃபோர்டில் பெயர் 'எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி', கேம்பிரிட்ஜில் 'சைக்கலாஜிக்கல் அண்ட் பிஹேவியரல் சயின்சஸ்'. ரெண்டில் ஒண்ணுக்குத்தான் ஒரு வருஷத்தில் போட முடியும்.

2026 சேர்க்கையிலிருந்து பர்சனல் ஸ்டேட்மென்ட் (விண்ணப்பத்தோட உங்களைப் பத்தி எழுதி அனுப்புறது) ஒரே கட்டுரை இல்லை. மூணு கேள்வி: ஏன் இந்தப் படிப்பு, உங்க பள்ளிப் படிப்பு எப்படித் தயார் பண்ணியிருக்கு, பள்ளிக்கு வெளியே என்ன செஞ்சீங்க, அது ஏன் உதவும். மொத்தம் 4000 எழுத்து (கேரக்டர்), இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொரு பதிலும் குறைஞ்சது 350. பழைய மாதிரிகளை வச்சு எழுதித் தர்ற ஏஜென்ட்கிட்ட கவனம். யூகாஸ் எல்லாத்தையும் ஒத்துமை சோதனையில் போட்டுப் பார்க்குது.

அஞ்சு படிப்புக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தான் போகும். மூணு சைக்காலஜி, ரெண்டு தனி நியூரோசயின்ஸ்னு கலந்து போட்டா ரெண்டு பக்கமும் அரைகுறையாத் தெரியும். ஒரு பக்கம் சாய்ஞ்சு போடுங்க.

6 அக்டோபர்

நேத்து எழுதினதும், "வி.எஸ். ராமச்சந்திரன் பத்தி எழுதலாமா, நம்ம ஊர்க்காரர் ஆச்சே"ன்னு ஒரு கேள்வி. ஸ்டான்லி மெடிக்கல் காலேஜில் படிச்சு கேம்பிரிட்ஜில் பிஎச்டி வாங்கினவர், இழந்த கையின் வலிக்குக் கண்ணாடிப் பெட்டி வச்சவர். எழுதலாம், தாராளமா. ஆனா "வியந்தேன்"னு நிறுத்தினா அது ரசிகர் கடிதம். கை போனதும் மூளை வரைபடத்தில் அந்தக் கைக்கான இடத்தை முகம் ஆக்கிரமிக்குதுன்னு அவர் பக்கத்து விளக்கம். டாமர் மேக்கின் என்கிற ஆய்வாளரின் குழு 2013ல் வேற மாதிரி காட்டினாங்க, கை இழந்தவங்க மூளையில் பழைய கையின் இடம் பெருமளவு அப்படியே இருக்கு. 2025ல் மூணு பேரை அறுவைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்கேன் பண்ணி, வரைபடம் மாறலைன்னு காட்டியிருக்காங்க. இந்த முரணை நாலு வரியில் எழுதி, எந்தச் சோதனை ரெண்டையும் பிரிச்சுக் காட்டும்னு ஒரு வரி சேர்த்தா, படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். மூணே பேர்தானேன்னு நீங்க கேட்டா இன்னும் நல்லது.

19 அக்டோபர்

பணக் கணக்கு. மாணவர் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்குன்னு லண்டனில் மாசம் 1,483 பவுண்டு, வெளியே 1,136 (2025 நவம்பர் 10 வரை; புதுத் தொகை கீழே), ஒன்பது மாசத்துக்குக் காட்டணும். பெருக்கினா 13,347, 10,224. அதோட முதல் வருஷ ஃபீஸில் கட்டாத பாக்கி. பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கணும், பேங்க் ஸ்டேட்மென்ட்டின் கடைசி நாள் விசா விண்ணப்பத்துக்கு 31 நாளுக்குள் இருக்கணும். 27வது நாள் ஒரு நாள் மட்டும் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒண்ணில் இருந்து. அப்பா கணக்குன்னா பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேணும்.

விசா கட்டணம் 2025ல் 524 பவுண்டு. மருத்துவக் கட்டணம் வருஷத்துக்கு 776, அதை விசா காலம் முழுக்கவும் முன்கூட்டியே கட்டணும். மூணு வருஷப் படிப்பு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிஞ்சா, முன்னாடி ஒரு மாசம், பின்னாடி நாலு மாசம் சேர்த்து விசா மூணு வருஷம் ரெண்டு மாசம். மூணு முழு வருஷம், மிச்சம் ஆறு மாசத்துக்குள் என்பதால் அரைப் பங்கு: 2,716 பவுண்டு. ஏஜென்ட் தர்ற "முதல் வருஷச் செலவு" தாளில் இந்த வரி விட்டுப்போறது வழக்கம்.

9 நவம்பர்

திருத்தம். மேலே போட்ட மாசத் தொகை பழசாகப் போகுது. 2025 நவம்பர் 11 முதல் லண்டன் 1,529, வெளியே 1,171. ஒன்பது மாசத்துக்கு 13,761, 10,539. 2026க்குப் போறவங்க இதை வச்சுப் போடுங்க. விண்ணப்பிக்கிற வாரம் அரசுத் தளத்தில் எல்லாத் தொகையையும் ஒரு தடவை பாருங்க, இந்த இழையை நம்பி எஃப்டியை உடைக்காதீங்க.

இன்னொண்ணும் விட்டுட்டேன். படிப்புக்கு அப்புறம் வேலை தேட தர்ற கிராஜுவேட் விசா ரெண்டு வருஷம்னு எல்லாரும் சொல்றாங்க. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற இளங்கலை, முதுகலைக்காரங்களுக்கு அது 18 மாசம். 2026ல் சேர்ந்தா 2029ல் முடிப்பீங்க, உங்களுக்கு 18 தான்.

15 நவம்பர்

பார்ட் டைம்: வாரம் 20 மணி நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை. ரீடிங் வீக் (வகுப்பு வைக்காம நீங்களே படிக்க விடுற வாரம்) லீவு மாதிரி தெரியும், ஆனா அது டெர்ம்தான், 20 மணி வரம்பு அப்பவும் உண்டு. சொந்தத் தொழில் கூடாது. பணம் வாங்கி ஆன்லைனில் ட்யூஷன் எடுக்கிறதும் அதில் சேரும். கேம்பஸுக்குள்ளேயே ஆய்வுக்கூடத்தில் சம்பள உதவியாளர் வேலை வந்தா அதுதான் உத்தமம், பயோடேட்டாவில் எழுதவும் ஆகும்.

16 நவம்பர்

மதிப்பெண். இதை வீட்டில் இப்பவே சொல்லி வையுங்க. 70க்கு மேலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை 2:1. 50 முதல் 59 வரை 2:2. 40 பாஸ். 65 வாங்கினா அது நல்ல மதிப்பெண். "மீதி 35 எங்கே போச்சு"ன்னு அம்மா கேட்பாங்க. பதில் இல்லை, அந்த மீதியை ஏறக்குறைய யாருக்கும் தர்றதில்லை. முதல் வருஷ மதிப்பெண் பல இடங்களில் கடைசி வகுப்பில் சேராது, பாஸ் ஆனா போதும். அதை நம்பி முதல் வருஷப் புள்ளியியலை விட்டவங்க ரெண்டாம் வருஷம் அனோவாவில் வட்டியோட கட்டுவாங்க.

லேப் ரிப்போர்ட்டில் மதிப்பெண் ஓட்டையாகும் இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். பி மதிப்பைச் சொல்லிட்டு விளைவின் அளவைச் சொல்லாம விடுறது. இன்னொண்ணு, "இந்த ஆய்வு நிரூபித்தது". அந்தச் சொல்லைக் கண்டாலே திருத்துறவர் சிவப்புப் பேனாவைத் தேடுவார். 2015ல் ஓப்பன் சயின்ஸ் கொலாபரேஷன் என்கிற ஆய்வாளர் கூட்டணி 100 சைக்காலஜி ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருந்தது, திரும்பச் செஞ்சதில் 36 சதவீதம்தான். அதுக்கப்புறம் இந்தத் துறையில் யாரும் எதையும் 'நிரூபிக்க'றதில்லை, 'ஆதரவு தருது'ன்னு அடக்கி வாசிக்கிறாங்க.

23 நவம்பர்

"லேப்னா என்ன பண்ணுவாங்க, மூளையைத் தொடலாமா?"

தொடலாம், படிப்பைப் பொறுத்து. ஆட்டு மூளையை வெட்டிப் பார்ப்பது சாதாரணம். ஃபார்மலினில் பதப்படுத்தின மனித மூளையைக் காட்டுற இடங்களும் உண்டு. அங்கே மனிதத் திசுச் சட்டம் இருக்கு, போனை வெளியே வச்சுட்டுத்தான் உள்ளே போகணும். போட்டோ எடுத்தா விளையாட்டு இல்லை.

முதல் வாரம் எல்லாரையும் சுத்தவிடுறது திசைச் சொற்கள். 'டார்சல்'னா முதுகுப் பக்கம்னு படிச்சிருப்பீங்க. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் அது சரி. பெருமூளைக்கு வந்தா 'டார்சல்'னா உச்சந்தலைப் பக்கம். நாலு காலில் நடக்கிற எலிக்கு ரெண்டும் ஒரே திசை. நாம எழுந்து நின்னதில் அச்சு நடுமூளை பக்கத்தில் வளைஞ்சுடுச்சு. நாயைப் போல நாலு காலில் நிக்கிறவரை நினைச்சுக்கிட்டு, தலையை மட்டும் தூக்கி முன்னாடி பார்க்க வைங்க, சொல் எல்லாம் சரியா உட்காரும்.

23 நவம்பர், மாலை

ஈஈஜிக்கு (தலைத்தோலில் இருந்து மூளையின் மின்னலையைப் பதியறது) தனியா எழுதணும். நம்ம தலைமுடிக்கே ஒரு பத்தி வேணும்.

துணித் தொப்பியில் 32 அல்லது 64 எலக்ட்ரோடு. ஒவ்வொண்ணின் ஓட்டையிலும் மழுங்கின முனை ஊசிக்குழாய் விட்டு, முடியை விலக்கி, தலைத்தோலை லேசா உரசி, ஜெல் ஏத்தணும். பழைய வகை எலக்ட்ரோடுன்னா மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரணும். கை பழகாதவருக்கு 64க்கும் முக்கால் மணி நேரம் ஆகும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தா தடை இறங்கவே இறங்காது, ஜெல்லைக் கொட்டக் கொட்ட வழுக்கிக்கிட்டே இருக்கும். அன்னைக்குக் காலையில் ஷாம்பு மட்டும், கண்டிஷனர் வேண்டாம், நல்லா காய்ஞ்ச முடி. ஜெல்லை அதிகமா ஏத்தினாலும் தப்பு: பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுக்கு நடுவில் வழிஞ்சு பாலம் போட்டுடும், ரெண்டும் ஒரே அலையைக் காட்டும். திரையில் பார்த்தா ரொம்ப சுத்தமான தரவு மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து.

கண் சிமிட்டினா நெற்றிப் பக்கம் பெரிய மலை. பல்லைக் கடிச்சா காதுப் பக்கம் புல்வெளி. சார்ஜர் பக்கத்தில் இருந்தா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஆனா தரவை மொத்தமா கொல்றது இதெல்லாம் இல்லை, ட்ரிகர். படம் திரையில் வந்த நொடியை ஈஈஜி பதிவில் குறிக்கிற சின்ன எண் அது. கேபிள் செருகாம விட்டா ஒரு மணி நேர மூளை அலை அழகா பதிஞ்சிருக்கும், எது எப்ப நடந்ததுன்னு மட்டும் தெரியாது. ஆளை உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் தொப்பியோட ஒரு ஓட்டம் ஓட்டி எண் வருதான்னு பாருங்க.

24 நவம்பர்

எம்ஆர்ஐ பத்தி கேட்டவருக்கு: 3 டெஸ்லா காந்தம், உலோகம் உள்ளே போகக்கூடாது. மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் எல்லாம் படிவத்தில் எழுதணும், கழட்டணும். திருகு இறுகின மூக்குத்தியை முந்தின நாளே கழட்டிப் பாருங்க. ஜரிகை போட்ட துணியிலும் உலோக இழை இருக்கு. இளங்கலையில் நீங்க ஸ்கேனரை ஓட்ட மாட்டீங்க, ஆய்வில் பங்கேற்பாளரா உள்ளே படுக்கலாம். முதல் வருஷத்தில் பங்கேற்புப் புள்ளி சேர்க்கச் சொல்வாங்க, மத்தவங்க ஆய்வுக்கு ஆளாப் போய் உட்கார்றது. சொல்லாம வராம விட்டா புள்ளி வெட்டுற இடமும் உண்டு.

எஃப்எம்ஆர்ஐ (மூளையில் எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டுற ஸ்கேன்) வகுப்பில் செத்த மீன் கதை கட்டாயம் வரும். 2009ல் கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வச்சு, மனுஷங்க படங்களைக் 'காட்டி', திருத்தம் போடாம அலசினாங்க. மீன் மூளையில் சில புள்ளி 'வேலை செஞ்சுது'. ஆயிரக்கணக்கான புள்ளியை ஒரே நேரத்தில் சோதிச்சா தற்செயலாவே சிலது எரியும், அதுக்குத் திருத்தம் போடணும்னு காட்டத்தான். 2012ல் அந்த ஆய்வு இக் நோபல் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குத் தர்ற பரிசு) வாங்கிச்சு. மீனுக்கு ஒண்ணும் கிடைக்கலை.

7 டிசம்பர்

கடைசி வருஷ ஆய்வுத் திட்டம். "தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மனச்சோர்வை ஆராயப் போறேன்"னு மூணு பேர் சொல்லியிருக்கீங்க. நல்ல எண்ணம், ஆய்வுக்கு அனுமதி தர்ற நெறிக்குழுவில் மாட்டும். 18 வயசுக்குக் கீழே, பெற்றோர் சம்மதம், பள்ளிச் சம்மதம், வேற நாடு, மனநலம்: ஒவ்வொண்ணும் ஒரு சுற்று. மனச்சோர்வை அளக்கிற பிஹெச்க்யூ 9 கேள்வித்தாளுக்குத் தமிழ் வடிவம் இருக்கு, 0 முதல் 27 வரை மதிப்பெண், 10ல் வெட்டு, அதாவது 10ம் அதுக்கு மேலேயும் வந்தா மனச்சோர்வு இருக்கலாம். ஆனா ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ஆன்லைனில் ஒருத்தர் அதில் "ஏறக்குறைய தினமும்"னு குறிச்சா நீங்க என்ன செய்வீங்க? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பம் திரும்பி வரும். அதனால்தான் பலர் அந்தக் கேள்வியை எடுத்துட்ட பிஹெச்க்யூ 8 போடுறாங்க.

இளங்கலைக்கு ஏத்த அளவு: ரெண்டு மொழி தெரிஞ்சவங்ககிட்ட ஸ்ட்ரூப் சோதனை. 'சிவப்பு'ங்கிற சொல்லைப் பச்சை மையில் காட்டி, மையின் நிறத்தைக் கேட்கிறது. தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. சோதனையைத் திரையில் ஓட்டுற சைக்கோபை மென்பொருள் இலவசம். ஒரு சிக்கல்: அதில் தமிழ் எழுத்து சில சமயம் உடைஞ்சு வரும், கொம்பு ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம். சொல்லைப் படமா சேமிச்சுப் போடுங்க. எல்லாப் படத்துக்கும் ஒரே உயரம் வையுங்க. 'மஞ்சள்' அகலத்தில் 'நீலம்' வராது, அதையும் எழுத்தில் குறிப்பிடணும்.

எத்தனை பேர் வேணும்னு ஜி பவர் என்கிற இலவசக் கருவியில் போடலாம். நடுத்தர விளைவு, அதாவது கோஹனின் டி (விளைவின் அளவு, டி சோதனையின் டி இல்லை) 0.5, ஆல்ஃபா (இல்லாத விளைவை இருக்குன்னு சொல்ற வாய்ப்பு) 0.05, திறன் (இருக்கிற விளைவைப் பிடிக்கிற வாய்ப்பு) 0.80. தனித்தனிக் குழுன்னா குழுவுக்கு 64, மொத்தம் 128. அதே ஆள் ரெண்டு நிலையும் செஞ்சா 34 போதும். விளைவு 0.2 ஆகச் சுருங்கினா குழுவுக்கு 394. நண்பர்கள் குழுவில் லிங்க் போட்டு 40 பேரைப் பிடிச்சு ரெண்டாப் பிரிக்கிறவங்க ஏன் ஒண்ணும் கிடைக்காமப் போறாங்கன்னு இந்த மூணு எண்ணே சொல்லும்.

8 டிசம்பர்

'அதே ஆள் ரெண்டு நிலையும்'னு சுலபமா எழுதிட்டேன். முதல்ல தமிழா ஆங்கிலமாங்கிறதைப் பாதிப் பேருக்கு மாத்திப் போடணும். இல்லைன்னா ரெண்டாவது மொழியில் வேகமா செஞ்சது மொழியாலா பழக்கத்தாலான்னு தெரியாது.

21 டிசம்பர்

கேட்டவரின் கடைசி வரிக்கு நான் இன்னும் நேராப் பதில் சொல்லலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்.

பிரிட்டனில் வெறும் 'சைக்காலஜிஸ்ட்' சட்டப் பாதுகாப்பு இல்லாத சொல், 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' பாதுகாப்புள்ள பட்டம். ஹெச்சிபிசி (சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பு) பதிவு இல்லாம போட்டுக்கிட்டா குற்றம். அதுக்கு மூணு வருஷ டாக்டரேட். அந்த இடங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவச் சேவையின் பணத்தில் நடக்குது, உள்நாட்டு மாணவருக்கே கடும் போட்டி. சில யுனிவர்சிட்டி மட்டும் சொந்தப் பணம் கட்டுற வெளிநாட்டவரைக் கொஞ்சம் எடுக்குது. சேர்றதுக்கு முன்னாடி உதவிச் சைக்காலஜிஸ்ட் மாதிரி வேலை அனுபவமும் கேட்பாங்க, அதுக்கு விசா ஸ்பான்சர் கிடைக்கிறது அரிது. 18 மாச விசாவும் இங்கேதான் இடிக்கும்.

இந்தியா திரும்பினாலும் இளங்கலை மட்டும் வச்சு சென்னையில் அந்தப் பெயரில் பலகை மாட்ட முடியாது. ஆர்சிஐ (ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு வேணும், அதுக்கு மேலே படிக்கணும். ஆகவே ரெண்டு ஊர்க் கணக்கையும் இப்பவே போடுங்க. கிளினிக்கல்தான் ஒரே நோக்கம், இந்தியாவில்தான் வேலைன்னா, மூணு வருஷம் பிரிட்டன் ஃபீஸ் சுத்துவழி. ஆய்வு, தரவு, அறிவாற்றல் அறிவியல், முதுகலை, பிஎச்டி பக்கம் ஆசை இருந்தா அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு. ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார், அவர் கமிஷன் இந்தப் பக்கம் இல்லை.

22 டிசம்பர்

நேத்து கொஞ்சம் கடுமையா எழுதிட்டேனாம். எண்கள் கடுமை, நான் இல்லை. ஆனா ஒண்ணு சேர்க்கணும்: பணியிட வருஷம் சேர்ந்த நாலு வருஷ டிகிரிகள் இருக்கு, கார்டிஃப், பாத் மாதிரி. மூணாம் வருஷம் மருத்துவமனையிலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை. அனுபவச் சிக்கலுக்கு அது நல்ல வழி. ஆரம்பத்திலேயே அந்த டிகிரிக்கு விண்ணப்பிச்சா விசாவும் நாலு வருஷத்துக்கு வரும். பின்னாடி மாறினா விசா மறுபடி போடணும்.

18 ஜனவரி 2026

கேட்டவர் திரும்பி வந்திருக்கார்: ரெண்டு ஆஃபர், ஒண்ணு 'சைக்காலஜி வித் நியூரோசயின்ஸ்', பிபிஎஸ் அங்கீகாரத்தோட, பிளஸ் டூவில் 85 சதவீதம் கேட்குது. இன்னொண்ணு தனி நியூரோசயின்ஸ், 80. மத்த மூணும் பதில் வரலை.

அவசரம் வேண்டாம், மூணும் வரட்டும். அப்புறம் ஒண்ணை ஃபர்ம் (முதல் விருப்பம்), ஒண்ணை இன்ஷூரன்ஸ் (அது கிடைக்காட்டி மாற்று)னு வைக்கணும். இன்ஷூரன்ஸ்னா கேட்கிற மதிப்பெண் ஃபர்மை விடக் கீழே இருக்கணும். ரெண்டும் 85 கேட்டா அது இன்ஷூரன்ஸ் இல்லை, அலங்காரம். உங்க கணக்கில் 80 கீழேதான் இருக்கு, ஆனா அதில் ஜிபிசி வராது. வரப்போற மூணில் அங்கீகாரத்தோட 80 கேட்கிறது ஏதாவது இருந்தா அதை வையுங்க. போர்டு ரிசல்ட் மே மாசமே வந்துடும். டெபாசிட் கட்டினதும் சிஏஎஸ் (விசாவுக்கு யுனிவர்சிட்டி தர்ற சேர்க்கை உறுதி) சீக்கிரம் கேளுங்க, 28 நாள் எண்ணிக்கையை அதுக்கு முன்னாடியே ஓடவிடுங்க. விசாவுக்கான காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாசம்தான் செல்லும், இப்பவே எடுத்து வச்சுடாதீங்க.

19 ஜனவரி

"ஈஈஜிக்கு ஆளா உட்கார்றவங்கதானே தலை குளிக்கணும், நடத்துறவங்க எண்ணெய் வைக்கலாமா?" வைக்கலாம். ஆனா முதல் வாரப் பயிற்சியில் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தலையில்தான் பழகுவாங்க.